லேசரும் நம்ம ஊர்த் தோலும்: கிளினிக்கில் கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஒரு தோல் கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டரிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வெளியே வருகிறவர்கள் என்னிடம் இருபது நிமிடம் கேட்பார்கள். "சிஸ்டர், உள்ளே கேட்க மறந்துட்டேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பாபநாசம், ஆடுதுறை, மன்னார்குடி, திருவாரூர் என்று பஸ் ஏறி வருகிறவர்கள். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. உங்கள் தோலை நேரில் பார்க்காமல் எந்த மெஷின், எவ்வளவு பவர் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அதை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

லேசர், ஐ.பி.எல்., எல்.இ.டி. எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. மூன்றும் ஒளிதான், ஆனால் வேறு வேறு ஒளி.

லேசர் என்பது ஒரே அலைநீளம் கொண்ட ஒளி. முடிக்கு வைக்கும் டையோடு லேசர் 810 நானோமீட்டர் அளவில் இருக்கும், என்.டி.யாக் 1064, அலெக்ஸாண்ட்ரைட் 755. தழும்புக்கு வைக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசர் 10,600. இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். எண் பெரிதாகும்போது, 1064 வரைக்கும், ஒளி தோலுக்குள் ஆழமாகப் போகும். மேல்தோலின் கருமை அதைக் குறைவாக உறிஞ்சும். இது மட்டும் நினைவிருந்தால் போதும். 10,600 தனிக்கதை. அது தண்ணீரைத் தேடிப் போகிற ஒளி.

ஐ.பி.எல். என்றதும் பையன்கள் சிரிப்பார்கள். இது அந்த ஐ.பி.எல். இல்லை. பல அலைநீளங்கள் கலந்து, கேமரா பிளாஷ் மாதிரி பளிச்சென்று அடிக்கும் ஒளி. கண்ணாடி வடிகட்டி போட்டுத் தேவையில்லாத பகுதியை நிறுத்துவார்கள். கண்டிப்பாகச் சொன்னால் அது லேசரே இல்லை. ஆனால் போர்டில் "லேசர்" என்று எழுதிவிட்டு உள்ளே ஐ.பி.எல். வைத்திருக்கும் இடங்கள் உண்டு.

எல்.இ.டி. மூன்றிலும் சாதுவானது. சூடு வைக்காது. பலனும் அந்த அளவுக்குத்தான்.

ஒளி எப்படி முடியை மட்டும் எரிக்கிறது? தோல் வேகாதா?

சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்து கருப்பு சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்தில் நிற்கும் வண்டியின் வெளிர் நிற சீட் அவ்வளவு சுடாது. வெயில் இரண்டுக்கும் ஒன்றுதான், கருப்பு அதை அதிகமாக வாங்கிக்கொள்கிறது. முடியின் வேரில் இருக்கும் மெலனின் என்ற கருநிறப் பொருளும் அப்படித்தான் ஒளியை வாங்கிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் வேர் பழுதாகிறது. அடிக்கும் நேரம் மிகக் குறைவாக இருந்தால் அந்தச் சூடு சுற்றிலும் பரவுவதற்குள் வேலை முடிந்துவிடும். 1983-ல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் இந்தக் கணக்கை எழுதி வைத்தார்கள். இன்றைய அழகு லேசர்கள் பெரும்பாலும் அதன் மேல்தான் நிற்கின்றன.

சிக்கலும் இதே இடத்தில்தான். மெலனின் முடியில் மட்டும் இல்லை, தோலிலும் இருக்கிறது. ஒளிக்கு இது முடி, இது தோல் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கருப்பு என்றால் கருப்பு.

நாங்கள் எல்லாம் கருப்பு. எங்களுக்கு லேசர் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் இந்த ஒரு கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலானவர்கள் கடைசியில் கேட்கிறார்கள், இல்லாவிட்டால் சுட்ட பிறகு.

தோலை வெயிலுக்கு அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து ஆறு வகையாகப் பிரிப்பார்கள். பிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975-ல் கொண்டுவந்த பிரிவு. ஆரம்பத்தில் அது வெள்ளைத் தோலை மனதில் வைத்துப் போட்டது. பழுப்பும் கருப்புமான ஐந்தாம், ஆறாம் வகைகள் பிறகுதான் சேர்ந்தன. டெல்டாவில் நம் கிளினிக்குக்கு வருகிறவர்களில் அதிகம் பேர் நான்கு அல்லது ஐந்து. ஆறும் உண்டு. வெளிநாட்டு வீடியோவில் பார்த்த பெண்ணுக்கு வைத்த பவர் நமக்கு ஒத்து வராது என்பதற்குக் காரணம் இதுதான்.

கருத்த தோலுக்கு 1064 என்.டி.யாக் மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது. 810 டையோடும், கை தேர்ந்தவர் பவரைக் குறைத்து, ஒளி அடிக்கும் நேரத்தை நீட்டி, தோலைக் குளிரவைத்துக்கொண்டே செய்தால் நன்றாக வேலை செய்யும். 755-ல் சூடு பிடிக்கும் வாய்ப்பு அதிகம். ஐ.பி.எல். தான் இருப்பதிலேயே எனக்குப் பயம் தருவது. அதன் முனை செவ்வகமாக இருக்கும். பவர் கூடிப்போனால் கன்னத்தில் கட்டம் கட்டமாக, ஓடு பதித்த மாதிரி தடம் விழும்.

அந்தத் தடம் எனக்கே தெரியும். கல்யாணத்துக்கு முன் வேறொரு ஊரில் ஒரு பியூட்டி பார்லரில் மேல் உதட்டு முடிக்கு வைத்துக்கொண்டேன். அப்போது நான் நர்ஸிங் முடித்திருந்தேன், இருந்தும் என்ன மெஷின் என்று கேட்கவில்லை. மறுநாள் உதட்டுக்கு மேல் பழுப்பாக ஒரு பட்டை. முகூர்த்தப் புடவையில் எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் அது இருக்கிறது. மங்கி மறைய எட்டு மாதம் ஆனது.

முழு முகத்துக்கும் வைப்பதற்கு முன் காதோரத்திலோ தாடைக்குக் கீழோ இரண்டு மூன்று ஷாட் மட்டும் வைத்துப் பார்த்து, சில நாள் கழித்து வரச் சொல்வார்கள். "இதுக்கு ஒரு தடவை பஸ் செலவா?" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். நம் தோலில் சூட்டின் கருமை பல சமயம் உடனே தெரியாது. நிதானமாக எட்டிப் பார்க்கும்.

முகத்து முடி ஒரேயடியாகப் போய்விடுமா?

"நிரந்தரமாக நீக்கம்" என்று யாராவது எழுதிக் கொடுத்தால் நம்பாதீர்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இந்த மெஷின்களுக்கு "நிரந்தரக் குறைப்பு" என்ற சொல்லைத்தான் அனுமதிக்கிறது. நீக்கம் வேறு, குறைப்பு வேறு.

எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. சில வளரும், சில ஓய்வில் இருக்கும், சில உதிரக் காத்திருக்கும். வளர்ச்சியில் இருக்கும் முடிதான் வேரோடு ஒட்டியிருக்கும், அதுதான் லேசரில் மாட்டும். குறுவை அறுத்த பிறகு தாளடி வருகிற மாதிரி, மிச்சமிருப்பது அடுத்த சுற்றில் முளைக்கும். அதனால்தான் முகத்துக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு சிட்டிங், கை காலுக்கு ஆறு முதல் எட்டு வாரம் என்று, மொத்தம் ஆறு எட்டு சிட்டிங் வரை போகிறது. அப்புறமும் வருடத்தில் ஒன்றிரண்டு முறை தொட்டுவிட வேண்டியிருக்கலாம்.

தாடை, கழுத்து, மார்பில் தடித்த முடி, மாதவிலக்கு தள்ளிப்போகிறது, எடை கூடுகிறது என்றால் லேசர் பேச்சுக்கு முன்னால் பி.சி.ஓ.டி. என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே ஹார்மோன் ஒரு பக்கம் புது முடியைத் தூண்டிக்கொண்டே இருக்க, வெளியே நாங்கள் எரித்துக்கொண்டே இருந்தால் உங்கள் பணம்தான் கரியாகும். லேசர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரையும் லேசரும் சேர்ந்து போகட்டும் என்கிறேன். மகளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள் சிலர் "கல்யாணம் ஆகாத பொண்ணு, ஸ்கேன் எல்லாம் எதுக்கும்மா?" என்பார்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன்தான், யாருக்கும் ஒன்றும் ஆகாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு, முக்கியமாக முகத்தில், லேசர் வைத்த இடத்தைச் சுற்றிப் பூனை முடி தடித்து வளரும். பவர் பற்றாமல் போன சூடு வேரை அழிக்காமல் தூண்டிவிடுகிறது என்று சொல்கிறார்கள். ஹார்மோன் கோளாறு உள்ளவர்களிடம் இது அதிகம் தெரிகிறது. கன்னத்து மெல்லிய பூனை முடிக்கு லேசர் வைக்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நரைத்த முடிக்கு?

வேலை செய்யாது. மெலனின் இல்லை, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அதற்கு எலெக்ட்ராலிசிஸ் என்ற ஊசி முறை உண்டு. ஒவ்வொரு முடியாக எடுப்பார்கள், பொறுமை வேண்டும்.

மஞ்சள் பூசிக் குளிக்கலாமா?

செவ்வாய், வெள்ளி மஞ்சள் பூசாமல் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு முடியாது. லேசருக்கு நான்கைந்து நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். தோலில் நிறக்கறை எது இருந்தாலும் ஒளி அதில் மாட்டும். மஞ்சள், குங்குமம், பவுண்டேஷன், எதுவானாலும் நான் துடைத்துத்தான் உள்ளே அனுப்புவேன். ஒரு அம்மா "மஞ்சள் தெய்வீகம், அது என்ன செய்யும்?" என்று சண்டைக்கு வந்தார். தெய்வீகம்தான், ஆனால் மெஷினுக்கு அது தெரியாது. வைத்த பிறகு ஒரு வாரம் போகட்டும், பிறகு பூசிக்கொள்ளலாம்.

சிட்டிங்குகளுக்கு இடையே த்ரெடிங், வேக்சிங் செய்யலாமா?

கூடாது. வேரைப் பிடுங்கிவிட்டால் லேசர் எதைச் சுடும்? ரேசரில் வழிக்கலாம். வழித்தால் முடி தடிமனாகும் என்பது வெறும் பேச்சு. வெட்டுப்பட்ட நுனி மொட்டையாக இருப்பதால் கைக்கு அப்படித் தெரிகிறது.

தை மாதம் கல்யாணம். எப்போது ஆரம்பிக்க வேண்டும்?

வைகாசியில். மிஞ்சிப்போனால் ஆனி. ஆறு சிட்டிங்கை ஐந்தாறு வாரத்துக்கு ஒன்றாகக் கணக்குப் போட்டால் ஏழு எட்டு மாதம் வந்துவிடும். கார்த்திகையில் வந்து "எல்லாத்தையும் ஒரே மாசத்துல முடிச்சுடுங்க சிஸ்டர்" என்று நிற்கிறவர்களை டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். அவசரத்துக்குப் பவரைக் கூட்டினால் பொண்ணு கருப்பு வடுவோடுதான் மணவறைக்குப் போகும். கடைசி சிட்டிங் கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னால் முடிந்துவிட வேண்டும், நலங்கு வைக்கும் நாளில் தோல் அமைதியாக இருக்கும்.

நடவுக்குப் போகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் செய்துகொள்ளலாமா?

வெயில் பட்டுக் கருத்திருக்கும் தோலில் லேசர் வைப்பது ஆபத்து. மெலனின் பொங்கி மேலே வந்திருக்கும், சூட்டை அதுவே வாங்கிவிடும். முன்னும் பின்னும் குறைந்தது இரண்டு மூன்று வாரமாவது நேர் வெயிலைத் தவிர்க்கச் சொல்வோம். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் வயலில் வேலை ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் களை எடுக்கிற பெண்ணிடம் "வெயிலில் போகாதே" என்று சொல்வது அபத்தம், எனக்கும் தெரியும். அதனால் அறுவடை முடிந்து, வேலை ஓய்ந்த நாளில் ஆரம்பிக்கலாம் என்று சொல்லி அனுப்புகிறோம். இல்லாவிட்டால் உடம்பில் மூடியிருக்கும் பகுதிக்கு மட்டும்.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல் இருக்கட்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிழிய வேண்டும். பெரும்பாலானவர்கள் பொட்டளவு வைத்துக்கொண்டு "சன்ஸ்கிரீன் போட்டேன், பலனில்லை" என்கிறார்கள். தலையில் துண்டு போட்டுக்கொண்டு அதற்கு மேல் தொப்பி வைப்பது எந்த கிரீமுக்கும் குறைந்ததில்லை.

மங்குக்கு லேசர் உண்டா?

இந்தக் கேள்வி வந்தால் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

கன்னம், நெற்றி, மேல் உதட்டில் பழுப்பாகப் படரும் மங்கு, கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் அதிகம் வரும். குடும்பத்தில் இருந்தால் வரும். வெயிலிலும் அடுப்புச் சூட்டிலும் கூடும். மங்கு என்பது தோலில் ஒட்டிய அழுக்கு மாதிரி ஒரு கறை இல்லை. அந்த இடத்து நிற செல்கள் சின்னச் சீண்டலுக்கும் கோபித்துக்கொள்ளும் நிலையில் இருக்கின்றன. அங்கே போய்ச் சூடு வைத்தால் என்ன ஆகும்? சிலருக்கு ஒரு மாதம் வெளுத்த மாதிரி தெரியும், மூன்றாம் மாதம் முன்னைவிடக் கருப்பாகத் திரும்பி வரும்.

"லேசர் டோனிங்" என்று குறைந்த பவரில் 1064-ஐ வாராவாரம் வைக்கும் முறை இருக்கிறது. கொஞ்சம் குறையும். நிறுத்தினால் திரும்பும். நிறைய சிட்டிங் போனவர்களுக்குச் சில சமயம் அரிசி தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் விழுந்துவிடுகின்றன. கருப்பையாவது மறைக்கலாம், வெள்ளைப் புள்ளியை என்ன செய்வது?

மங்குக்கு முதலில் சன்ஸ்கிரீன். அதிலும் லேசாக நிறம் கலந்த, இரும்பு ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் நல்லது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் தோலில் மங்கைக் கூட்டும். அப்புறம் டாக்டர் எழுதித் தரும் கிரீம்: அசெலாயிக் ஆசிட், ஹைட்ரோகுவினோன் போன்றவை. சிலருக்கு டிரனெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை கொடுப்பார்கள். ரத்தம் உறையும் நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. எல்லாம் பலன் தராமல் போன பிறகுதான் லேசர் பேச்சு, அதுவும் பயந்து பயந்து.

மெடிக்கல் ஷாப்பில் நீங்களே போய் "மங்கு கிரீம்" என்று வாங்கிக்கொள்ளாதீர்கள். மூன்று மருந்து கலந்த அந்த டியூபில் ஸ்டீராய்டு இருக்கும். டாக்டர் எழுதித் தந்தால் சில வாரம் மட்டும் போடுவது. வருடக்கணக்கில் பூசிவிட்டு, முகம் சிவந்து, தோல் தாள் மாதிரி மெலிந்து, முடி முளைத்து வருகிறவர்களை மாதம் தவறாமல் பார்க்கிறேன். அந்தத் தோலில் லேசர் வைத்தால் கதை முடிந்தது.

கழுத்தைச் சுற்றிக் கருப்பாக, சொரசொரப்பாக இருக்கிறது. லேசரில் போகுமா?

முதலில் சர்க்கரை பாருங்கள். பின்கழுத்து, அக்குளில் தோல் தடித்துக் கருத்து வெல்வெட் போல இருப்பது பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். எடை குறைந்தால் அதுவும் தெளியும். செயின் பட்டுக் கருத்தது என்று தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறார்கள்.

லேசர் வைத்தால் வெள்ளையாகிவிடலாமா?

இல்லை.

கார்பன் பசையைப் பூசி அதன் மேல் லேசர் அடிக்கும் பேஷியல் கொஞ்ச நாளைக்கு ஒரு பளபளப்பைத் தரும். எண்ணெய் வடிவதும் குறையலாம். பிறந்த நிறத்தை மாற்றும் ஒளி எதுவும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சொன்னார்கள் என்று வந்த ஒரு பெண்ணிடம், எங்கள் டாக்டர் பணம் வாங்காமல் அரை மணி நேரம் பேசி அனுப்பினார்.

பரு வந்து குழி விழுந்துவிட்டது. அதற்கு?

இங்கே லேசருக்கு உண்மையான பலன் உண்டு. ப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர், தோலில் சல்லடை போல நுண்ணிய துளைகளைச் சுட்டு, நடுவில் நல்ல தோலை விட்டுவைக்கும். அந்த நல்ல தோலிலிருந்து ஆறிப் புதுக் கொலாஜன், அதாவது தோலைத் தாங்கும் புரதம், உருவாகும். குழி மேடாகி மறையும் என்று நினைக்காதீர்கள், ஆழம் குறையும், ஓரம் மழுங்கும். மூன்று நான்கு சிட்டிங், மாதத்துக்கு ஒன்று. வைத்த ஐந்தாறு நாள் முகம் பொடிப்பொடியாகப் பழுப்புத் தட்டி இருக்கும், கல்யாணம் காதுகுத்து எதுவும் அந்த வாரம் வேண்டாம்.

புதுப் பரு வந்துகொண்டிருக்கும்போது தழும்புக்குப் போகக் கூடாது. காது குத்திய இடத்தில் சதை வளர்ந்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உதட்டில் அடிக்கடி நீர்க்கொப்புளம் வருகிறவர்களும் சொல்ல வேண்டும், வைரஸ் கிளம்பாமல் இருக்க முன்கூட்டியே மாத்திரை தருவார்கள்.

பச்சை குத்தியதை அழிக்கலாமா?

அழிக்கலாம். ஊசியில் குத்திய கரி, தோலின் அடிப்பகுதியில் செல்களுக்குள் உட்கார்ந்திருக்கும். கருப்புதான், ஆனால் ஆழத்திலிருந்து வருவதால் ஒளி சிதறி நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது. "பச்சை" என்ற பெயருக்கு விளக்கம் தேடி வேறெங்கும் போக வேண்டாம் என்று எனக்குத் தோன்றும். நானோ செகண்ட், அதாவது ஒரு செகண்டில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் அடிக்கும் லேசர் அந்தக் கரித்துகளை உடைக்கும். உடைந்த பொடியை உடம்பு மெல்ல அள்ளிக்கொண்டு போகும். அதற்கு நேரம் வேண்டும் என்பதால் ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு சிட்டிங்.

திருவிழாவில் கையில் குத்திக்கொண்ட பழைய கரிப் பச்சை நன்றாக மறையும். கடையில் போட்ட கலர் டாட்டூ கஷ்டம். பச்சை, நீல மைகளுக்கு 1064 பற்றாது, வேறு அலைநீளம் வேண்டும். மஞ்சள் ரொம்பப் பிடிவாதம். உதட்டுக்கும் புருவத்துக்கும் போடும் தோல் நிற, சிவப்பு, வெள்ளை மைகள் லேசர் பட்டதும் கருப்பாக மாறிவிடலாம். அதைச் சோதித்துப் பார்க்காமல் முழுவதும் அடிக்கக் கூடாது.

வருகிறவர்களில் பையன்கள் அதிகம். ராணுவ ஆள்சேர்ப்பில் உடம்பில் எங்கே பச்சை இருக்கலாம் என்று கட்டுப்பாடு உண்டு. தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால் வருவார்கள். ஒரு மாதத்தில் முடியாது தம்பி.

வீட்டில் வைத்துக்கொள்ளும் ஐ.பி.எல். மெஷின், ஒளி முகமூடி வாங்கலாமா?

வீட்டு மெஷினின் பவர் குறைவு. நல்ல கம்பெனி மெஷினில் தோல் நிறத்தைப் பார்க்கும் சென்சார் இருக்கும், கருப்பு அதிகம் என்றால் அடிக்கவே அடிக்காது. பெட்டியின் மேல் நிற அட்டவணை போட்டிருக்கும், ஆறாம் வகைக்கு வேண்டாம் என்றே பலவற்றில் எழுதியிருப்பார்கள். சென்சார் இல்லாத மலிவு மெஷின் வாங்கி முகத்தில் வைக்காதீர்கள். மச்சத்தின் மேல், பச்சை மேல் வைக்கவே கூடாது.

எல்.இ.டி. முகமூடியில் நீலம் பருக்கிருமியை ஓரளவு குறைக்கும், சிவப்பு வீக்கத்தைத் தணிக்கும். லேசான பருவுக்குக் கிரீமுக்குத் துணையாக இருக்கலாம். மங்கு உள்ளவர்கள் நீலத்தைத் தவிர்ப்பது நல்லது. 2019-ல் வெளிநாட்டில் ஒரு பெரிய கம்பெனியே தன் ஒளி முகமூடியைக் கண் பாதுகாப்பு காரணமாகத் திரும்பப் பெற்றது, அதனால் கண்ணை மறைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கு ஆபத்து உண்டா?

உண்டு. அறையில் இருக்கும் எல்லோரும், நானும், அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி போட வேண்டும். துணைக்கு வந்த அம்மாவும்தான். கூலிங் கிளாஸ் போதாது. புருவத்துக்குக் கீழே, இமையில் முடி எடுக்க லேசர் வைக்கச் சம்மதிக்காதீர்கள். கருவிழியின் நிறத்தில் ஒளி மாட்டிக் கண் அழற்சி வந்தவர்கள் உண்டு.

புற்றுநோய் வருமா?

இந்த ஒளி எக்ஸ்ரே மாதிரி இல்லை, புற ஊதாக் கதிரும் இல்லை. இத்தனை வருடப் பயன்பாட்டில் புற்றுநோய் வரும் என்று தெரியவில்லை. ஆபத்து வேறு இடத்தில். சந்தேகத்துக்குரிய ஒரு மச்சத்தை டாக்டர் பார்க்காமல் பார்லரில் சுட்டுவிட்டால், மேலே மறைந்து கீழே வளரலாம். வளர்கிற, நிறம் மாறுகிற, ரத்தம் கசிகிற மச்சத்தை லேசரில் தொடக் கூடாது.

கர்ப்பமாக இருக்கிறேன்.

குழந்தை பிறக்கட்டும். கெடுதல் என்று நிரூபணம் இல்லை, பாதுகாப்பு என்றும் இல்லை. அவசரமில்லாத வேலைக்கு ஏன்?

மரத்துப்போகும் கிரீமை வீட்டிலேயே பூசிக்கொண்டு வரலாமா?

வேண்டாம். இரண்டு காலிலும் பூசிப் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்ட இரண்டு இளம்பெண்கள் அமெரிக்காவில் இறந்துபோனார்கள். 2007-ல் அங்கே அரசு எச்சரிக்கையே விட்டது. மருந்து ரத்தத்தில் ஏறி மூளையையும் இதயத்தையும் பாதிக்கும். மேல் உதடு, தாடை என்று சின்ன இடத்துக்குப் பரவாயில்லை, அதையும் கிளினிக்கில் பூசிக்கொள்ளுங்கள். முடிக்கு வைக்கும் லேசர், ரப்பர் பேண்டால் சுண்டிய மாதிரிதான் இருக்கும். வலியே தெரியாமல் மரத்துவிட்டால் சுடுகிறது என்று நீங்கள் சொல்லவும் மாட்டீர்கள்.

பரு மாத்திரை சாப்பிடுகிறேன், லேசர் வைக்கலாமா?

ஐசோட்ரெட்டினாயின் என்ற பரு மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் ஆக வேண்டும் என்று முன்பு கண்டிப்பாகச் சொல்வார்கள். முடிக்கு வைக்கும் லேசருக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்று இப்போது நிபுணர்கள் சொல்கிறார்கள். தோலை ஆழமாகச் சுரண்டும் லேசருக்கு இன்னும் எச்சரிக்கை உண்டு. டாக்ஸிசைக்ளின் போல வெயிலைத் தாங்கவிடாத மருந்து எதுவானாலும், சித்த மருந்தானாலும், சீட்டைக் கொண்டுவந்து காட்டுங்கள்.

வெண்புள்ளிக்கும் ஒளி வைக்கிறார்களே?

அது அழகு சிகிச்சை இல்லை, வைத்தியம். 311 நானோமீட்டர் அளவிலான புற ஊதா ஒளியை வாரத்தில் இரண்டு மூன்று நாள், பல மாதம் வைப்பார்கள். பெரிய அரசு மருத்துவமனைகளின் தோல் பிரிவில் கேட்டுப் பாருங்கள், கிளினிக்கில் செலவழிப்பதற்கு முன்.

நம் நாட்டு வைத்தியத்தில் கார்போக அரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வார்கள். அதில் சொராலன் என்ற பொருள் இருக்கிறது, தோலை ஒளிக்குக் கூச வைக்கும். அதே சொராலனும் ஒளியும் சேர்ந்த சிகிச்சையைத்தான் 1974-ல் அமெரிக்க டாக்டர்கள் சோரியாசிஸ் என்ற செதில் தோல் நோய்க்கு வைத்தார்கள். மேலே சொன்ன பாரிஷும் பிட்ஸ்பாட்ரிக்கும் அந்தக் குழுவில் இருந்தார்கள். எவ்வளவு ஒளி கொடுப்பது என்று தீர்மானிக்கத்தான் தோல் வகைப் பிரிவே பிறந்தது. ஆனால் நீங்களாகவே அரைத்துப் பூசிக்கொண்டு சித்திரை வெயிலில் நின்றால் கொப்புளம் நிச்சயம்.

நல்ல இடம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டாக்டர் பெயருக்குப் பின்னால் எம்.டி. (டி.வி.எல்.), தோல் பிரிவில் டி.என்.பி., டி.டி.வி.எல். போன்ற தோல் மருத்துவப் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். "காஸ்மெட்டாலஜி சான்றிதழ்" என்று சுவரில் தங்கச் சட்டம் போட்டு மாட்டியிருப்பது போதாது. தமிழ்நாட்டில் தனியார் கிளினிக்குகள் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், கேட்டால் காட்டுவார்கள். அப்புறம் வாய் திறந்து கேளுங்கள்: என்ன மெஷின், எந்த அலைநீளம், என் தோல் எந்த வகை, சுட்டால் யார் பார்ப்பார்கள்? முதல் நாளே பத்து சிட்டிங் பேக்கேஜுக்குப் பணம் கட்டச் சொன்னால் யோசியுங்கள். இந்தக் கேள்விகளை எங்கள் கிளினிக்கிலும் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

சுட்டுவிட்டது. இப்போது என்ன செய்வது?

வைத்த அன்று சிவந்து, முடிக்கால்கள் தடித்து, மணிக்கணக்கில் இருந்து அடங்குவது இயல்பு. கொப்புளம், தோல் உரிதல், சாம்பல் நிறத் திட்டு, ஆறாத எரிச்சல் இயல்பில்லை.

குளிர்ந்த குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் விடுங்கள். ஐஸைத் தோலில் நேராக வைக்காதீர்கள். பேஸ்ட், மஞ்சள், இங்க், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள், வெயிலில் அலையாதீர்கள். கருமை பெரும்பாலும் மாதக்கணக்கில் தானே வெளிறும், அவசரப்பட்டு அதன் மேல் இன்னொரு லேசர் வைத்துக்கொள்ள வேண்டாம்.

தினம் ஒரு போட்டோ, அதே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்து வையுங்கள். பில்லையும் கையெழுத்துப் போட்ட தாளின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் அவைதான் கை கொடுக்கும். எனக்கு அந்தப் பார்லர் பில்லே தரவில்லை. நானும் கேட்கவில்லை.